இன்ஜின் மாற்றிய பிறகு எரியும் மஞ்சள் விளக்கு

கேள்வி: என்னுடையது 2014-இல் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரில் மூழ்கியது. விஷயம் தெரியாமல் வீட்டில் ஸ்டார்ட் செய்துவிட்டார்கள், இன்ஜின் போய்விட்டது. வண்டி கொஞ்ச காலம் சும்மா கிடந்தது. பிறகு புதுப்பேட்டையில் அதே 1.2 லிட்டர் இன்ஜின் ஒன்றை வாங்கி மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். வண்டி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. “வேற வண்டி இன்ஜின் சார், கம்ப்யூட்டர் ஏத்துக்காது, அப்படித்தான் எரியும்” என்கிறார் மெக்கானிக். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் அணைகிறது, இரண்டு நாளில் திரும்ப வந்துவிடுகிறது. வேறொரு கடையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, பி 0171 என்று வருகிறது, ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுங்கள் என்றார்கள். வண்டி நன்றாக இருக்கிறது என்கிறது, விளக்கு கோளாறு என்கிறது. நான் எதை நம்புவது? சென்சாரை மாற்றவா, கம்ப்யூட்டரையே மாற்றவா?

— ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: ஐயா, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியை ரசித்துப் படித்தேன். வண்டி ஒன்று சொல்கிறது, விளக்கு வேறொன்று சொல்கிறது, எதை நம்புவது என்கிறீர்கள். இரண்டையும் நம்பலாம். வண்டி நன்றாக ஓடுவதற்குக் காரணமே, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு குறையை ஓயாமல் ஈடுகட்டிக்கொண்டிருப்பதுதான். இதற்கு மேல் ஈடுகட்ட இயலாது என்கிற எல்லைக்கு அது வந்ததும் விளக்கை எரியவிடுகிறது. எதை ஈடுகட்டுகிறது, ஏன் என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாம். சென்சாரையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

முதலில் “கம்ப்யூட்டர் ஏத்துக்காது” என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். பல ஒர்க்‌ஷாப்களில் நல்ல அனுபவசாலிகள்கூட இதைச் சொல்கிறார்கள். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு இ.சி.யு. என்று பெயர். இன்ஜின் எண் என்பது பிளாக்கின் உலோகத்தில் அடித்திருக்கும் எழுத்து. அந்த எழுத்தைப் படிக்க எந்த ஒயரும் அங்கே போகவில்லை. ஆகவே எந்த வண்டியிலிருந்து இறக்கிய இன்ஜின் என்று உங்கள் இ.சி.யு.வுக்குத் தெரியவே வழியில்லை. அதற்கு அடையாளம் தெரிந்த பொருள் உங்கள் சாவிதான். சாவிக்குள் இருக்கும் சிறிய சில்லும் வண்டியிலுள்ள இம்மொபிலைசர் என்னும் திருட்டுத் தடுப்பும் ஒத்துப்போனால்தான் இன்ஜினை உயிர்ப்பிக்க அனுமதி கிடைக்கும். உங்கள் மெக்கானிக் இன்ஜினை மட்டும் மாற்றி, உங்கள் இ.சி.யு.வையும் சாவியையும் அப்படியே விட்டிருக்கிறார். சரியான வேலை. புதுப்பேட்டையில் வாங்கிய இன்ஜினோடு வந்த இ.சி.யு.வைப் பொருத்தியிருந்தால் வண்டி ஸ்டார்ட்டே ஆகியிருக்காது.

உங்கள் கடிதத்திலேயே இதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதும் அணைந்த விளக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்ஜினை அடையாளம் கண்டு மறுப்பதாக இருந்தால் சாவியைத் திருப்பிய அந்த நொடியே எரிய வேண்டாமா? இந்த இரண்டு நாளுக்கு ஒரு காரணம் உண்டு. வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஓ.பி.டி. என்று பெயர். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இதன் இரண்டாம் தலைமுறை கட்டாயம். இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து. உங்கள் வண்டி 2014 என்பதால் அதில் முழுமையாகவே இருக்கும். பெரும்பாலான கோளாறுகளை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு ஓ.பி.டி. விளக்கை எரியவிடுவதில்லை. முதல் ஓட்டத்தில் சந்தேகம் வந்தால் நினைவில் குறித்துக்கொள்ளும். இரண்டாம் ஓட்டத்திலும் அதே குறை தெரிந்தால்தான் விளக்கு எரியும். பேட்டரியைக் கழற்றும்போது அந்தக் குறிப்பு அழிகிறது, கோளாறு அங்கேயே இருக்கிறது. மறுபடி அளந்து, மறுபடி உறுதிசெய்து, மறுபடி எரிகிறது. ஏதோ ஒன்றை அளந்துதான் அது தீர்ப்புச் சொல்கிறது என்பது இதிலிருந்தே தெளிவு.

மெக்கானிக் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிற இடத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவருக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். பல காமன் ரயில் டீசல் வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். அந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசலைத் தெளிக்கும் என்ற நுண்ணிய வித்தியாசம் அதில் இருக்கிறது. இன்ஜின் மாறி, அதோடு இன்ஜெக்டர்களும் மாறினால் புதுக் குறியீட்டை ஸ்கேனர் வழியாக இ.சி.யு.வில் எழுதியாக வேண்டும். சில பெட்ரோல் வண்டிகளிலும் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும்படி கட்டளை கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்காவிட்டால் பி 0315 என்ற கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, வரும். உங்களுக்கு வந்திருப்பது அதுவல்ல.

இன்ஜினை இ.சி.யு. பார்ப்பதில்லை என்றால் வேறு எதைத்தான் பார்க்கிறது? இன்ஜினைச் சுற்றிப் பொருத்தியிருக்கும் சென்சார்கள் அனுப்பும் மின்னழுத்தங்களை மட்டும். கிராங்க் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, கேம் ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது, உள்ளே வரும் காற்று எவ்வளவு, அதன் சூடு என்ன, கூலன்ட் தண்ணீரின் சூடு என்ன, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, வெளியே போகும் புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறதா. இவ்வளவுதான் அதன் உலகம். இன்ஜின் முழு ஆரோக்கியமாக இருந்தும் இந்தச் செய்திகளில் ஒன்று தவறாக வந்தால் விளக்கு எரியும். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் கொஞ்சம் குறைந்திருந்தும் செய்திகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் எரியாமலும் போகலாம். இன்ஜின் மாற்றிய வண்டியில் விளக்கு எரிந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மெக்கானிக்கின் கை பட்ட இடங்களைத்தான். கழற்றிய ஒவ்வொரு கப்ளர், ஹோஸ், கேஸ்கெட், எர்த் ஒயர். வந்த இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு வந்த பாகங்கள் அடுத்தது. இன்ஜினுக்குள்ளே இருக்கும் கோளாறு கடைசி.

இனி உங்கள் கோடுக்கு வருவோம். பி என்றால் இன்ஜினும் கியரும் சேர்ந்த பகுதி. அடுத்த பூஜ்யம், இது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான கோடு என்பதைக் காட்டுகிறது. அதற்கடுத்த ஒன்று, காற்றும் எரிபொருளும் சம்பந்தப்பட்ட விஷயம் என்கிறது. மொத்தத்தில் பி 0171 சொல்லும் செய்தி: கலவை லீனாக இருக்கிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் இல்லை. எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த விகிதம் சரியாக இருக்கிறதா என்று புகையை முகர்ந்து பார்ப்பதுதான் ஆக்ஸிஜன் சென்சாரின் வேலை. சாதாரண வகைச் சென்சார், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட் பக்கமும் பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் பக்கமும் மாறி மாறி ஆடிக்கொண்டே இருக்கும். காற்று மிகுதி என்று சேதி வந்தால் இ.சி.யு. பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும். பெட்ரோல் மிகுதி என்றால் குறைக்கும். இந்தக் கூட்டல் கழித்தலுக்கு ஃபியூயல் டிரிம் என்று பெயர். உடனுக்குடன் நடப்பது ஷார்ட் டெர்ம் டிரிம். பல ஓட்டங்களில் கற்று நினைவில் வைத்துக்கொள்வது லாங் டெர்ம் டிரிம். நல்ல வண்டியில் இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதத்துக்குள் நிற்கும். உங்கள் வண்டியில் அது இருபது, இருபத்தைந்து என்று ஏறிப்போய், இதற்கு மேல் கூட்டக் கூடாது என்ற வரம்பைத் தொட்டிருக்கிறது. அதனால்தான் வண்டியில் இழுவை குறையவில்லை, விளக்கும் எரிகிறது.

இப்போது ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொன்ன யோசனையை எடைபோட்டுப் பாருங்கள். சாம்பாரில் உப்பு குறைவு என்று ஒருவர் சொன்னால், அவரை எழுப்பிவிட்டு இன்னொருவரை இலையில் உட்காரவைத்தால் உப்பு ஏறிவிடுமா? சென்சார் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறது. சென்சாரே கெட்டுவிட்டது என்றால் பெரும்பாலும் அதற்கென்றே உள்ள கோடு வரும். அதன் சூடேற்றும் கம்பி அறுந்திருந்தால் பி 0135, மின்சுற்றில் குறை என்றால் பி 0130. ஆனாலும் உங்கள் வண்டி வெள்ளத்தில் மூழ்கியது. இந்தச் சென்சார் ஒப்பீட்டுக்காக வெளிக்காற்றைத் தன் ஒயர் வழியே சிறிது இழுத்துக்கொள்ளும், அந்த வழியில் தண்ணீர் போனால் பழுதாகலாம். எனவே சோதித்துப் பார்ப்பது நல்லது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏர் ஃபில்டர் பக்கமாக எல்.பி.ஜி. போன்ற வாயுவைச் சிறிதளவு உள்ளே போகவிட்டு ஸ்கேனரில் சென்சாரின் வோல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டென்று 0.8-க்கு மேல் ஏறினால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. பழக்கமுள்ள மெக்கானிக்குக்கு இது ஐந்து நிமிட வேலை. வீட்டில் நீங்கள் முயல வேண்டாம்.

அடுத்த படிதான் முக்கியமானது, பல கடைகளில் தாண்டிவிடுவதும் இதைத்தான். லைவ் டேட்டா, அதாவது ஓடும் இன்ஜினின் எண்களை அப்போதைக்கப்போது காட்டும் பக்கத்தை ஸ்கேனரில் திறந்து, ஃபியூயல் டிரிம்மை இரண்டு நிலைகளில் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டி ஐடிலில் நிற்கும்போது ஒரு முறை. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்.பி.எம்.மில் நிறுத்தி ஒரு முறை. ஐடிலில் இருபதுக்கு மேல் காட்டிய எண் 2,500-இல் ஐந்துக்கோ ஆறுக்கோ இறங்கினால், எங்கோ ஒரு சிறு துவாரம் வழியாகக் காற்று கள்ளத்தனமாக நுழைகிறது. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் துவாரக் காற்றின் பங்கு பெரிது. வேகம் கூடும்போது இழுக்கும் காற்று பல மடங்காகிறது, துவாரத்தின் பங்கு சிறுத்துவிடுகிறது. இதற்கு மாறாக ஐடிலில் ஓரளவு சரியாக இருந்து வேகத்திலும் பாரத்திலும் எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். ஒரே ஒரு எண், இரண்டு நிலைகள். பாதிச் சந்தேகங்கள் அங்கேயே கழிந்துவிடும்.

காற்று நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் மாற்றும்போது என்னென்ன கழன்றிருக்கும்? இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றைப் பிரித்துக்கொடுக்கும் குழாய்த்தொகுதி. அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள சீலைப் பழையதையே திரும்பப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். பல வருஷம் சூட்டில் அழுந்திக் கிடந்த ரப்பர் இரண்டாம் தடவை பழையபடி பொருந்தாது. அடுத்து, பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ். பெட்ரோல் டாங்க்கின் ஆவியைக் கொண்டுவரும் மெல்லிய ஹோஸும் அதன் பர்ஜ் வால்வும். இன்ஜின் உள்ளே சேரும் புகையை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் பி.சி.வி. ஹோஸ். த்ராட்டில் பாடியின் கேஸ்கெட். காற்றை எடையாக அளக்கும் வகை வண்டிகளில் ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கைச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தால்கூட அந்த வழியாகக் காற்று இழுக்கும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பிளாக்கின் உட்புறமும் பி.சி.வி. வழியாக இன்டேக்கோடு இணைந்ததுதான்.

அந்த “எடையாக அளக்கும் வகை” என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அனுபவசாலிகளும் வழி தவறுகிறார்கள். உள்ளே போகும் காற்றை இ.சி.யு. இரண்டு விதமாகக் கணக்கிடும். ஒன்று எம்.ஏ.எஃப். சென்சார். ஏர் ஃபில்டரைத் தாண்டிய குழாயில் உட்கார்ந்து, கடந்துபோகும் காற்றை நேரடியாக எடைபோடும். இந்த வகையில் அதற்குப் பின்னால் எங்கே துவாரம் இருந்தாலும் அது கணக்கில் வராத காற்று, உடனே லீன். மற்றது எம்.ஏ.பி. சென்சார். மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து காற்றைக் கணக்குப் போடும். இந்த வகையில் துவாரம் வழியாகக் காற்று நுழைந்தால் அழுத்தமும் ஏறும், இ.சி.யு. அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிவிடும். ஐடில் வேகம் உயர்ந்து நிற்பதுதான் அங்கே முதல் அறிகுறி, லீன் கோடு அவ்வளவு எளிதில் வராது. ஆகவே எம்.ஏ.பி. வகை வண்டியில் பி 0171 வந்தால் சைலன்சர் பக்கத்தையும் பெட்ரோல் பக்கத்தையும் முதலில் பார்ப்பேன். உங்கள் ஏர் ஃபில்டர் குழாயில் செருகியிருக்கும் சென்சாருக்கு இரண்டே ஒயர் இருந்தால் அது காற்றின் சூட்டை மட்டும் அளப்பது. அதற்கு மேல் ஒயர்கள் போனால் எம்.ஏ.எஃப். என்று எடுத்துக்கொள்ளலாம்.

சைலன்சர் பக்கம் என்றேனே, அது இன்ஜின் மாற்றிய வண்டிகளில் அடிக்கடி அகப்படும் காரணம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் சரியாக உட்காராமல் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால் புகை வெளியே போவது மட்டும்தான் நடக்கும் என்று நினைப்போம். புகை அலை அலையாகத் துடித்துப் போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் அழுத்தம் குறையும் நொடியில் அந்த இடைவெளி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைச் சென்சார் பார்த்துவிட்டு லீன் என்று சொல்லும். கலவை உண்மையில் சரியாகவே இருந்திருக்கும். இ.சி.யு. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும், மைலேஜ் விழும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் பக்கம் ‘டிக் டிக்’ என்ற சத்தம் வந்து, சூடானதும் குறைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே சோப்புத் தண்ணீரை மேனிஃபோல்டு இணைப்பில் தெளித்து, ஸ்டார்ட் செய்ததும் குமிழ் வருகிறதா என்றும் பார்க்கலாம். இன்டேக் பக்கத்துக்குச் சிறந்த வழி, புகை இயந்திரத்தால் உள்ளே புகையை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது. சூடான இன்ஜின் மேல் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழைய முறைக்குத் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அதில் தீப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம்.

பெட்ரோல் பக்கத்தில் இரண்டு விஷயம். கழற்றிப் போட்ட இன்ஜின் பல மாதம் வெளியே கிடந்திருந்தால் இன்ஜெக்டர்களுக்குள் மிஞ்சிய பெட்ரோல் வற்றிப் பிசினாகியிருக்கும். உங்கள் பழைய இன்ஜினின் இன்ஜெக்டர்கள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே சுத்தம் செய்து போட்டிருக்கலாம். எது போடப்பட்டது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். இன்னொன்று, இப்போது பங்க்குகளில் கிடைக்கும் ஈ20 பெட்ரோல். எத்தனால் எரியக் காற்று குறைவாகவே வேண்டும், ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்பது. அதனால் இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை அதற்கென அமைக்கப்படாத பழைய வண்டியில் போட்டால் இ.சி.யு. சில சதவீதம் கூடுதலாகத் தெளித்துத்தான் சமாளிக்கும். இது மட்டுமே பி 0171-ஐக் கொண்டுவராது. ஆனால் ஏற்கெனவே பதினைந்தில் நிற்கும் எண்ணை இருபதுக்குத் தள்ளிவிட இதுவே போதும்.

எர்த் ஒயரைப் பற்றிச் சொல்லாமல் எந்த இன்ஜின் மாற்றத்தையும் முடிக்கக் கூடாது. இன்ஜின் ரப்பர் மவுன்ட்டுகளில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் மின்சாரம் பாயாது. பிளாக்கிலிருந்து பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் போகும் தடித்த ஒயர்தான் ஒரே நல்ல பாதை. அதை மாட்ட மறந்தாலும், துருவின் மேலேயே போல்ட் போட்டாலும், மின்சாரம் மெல்லிய ஒயர்கள் வழியாகத் திரும்பப் பார்க்கும். இன்ஜின் பிளாக்கில் எர்த் எடுக்கும் சென்சார்களின் அளவுகள் பிசகும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு கோடுகள் ஒரே சமயத்தில் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். சோதனை எளிது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகப் பரப்பிலும் வைத்து, உதவிக்கு ஒருவரை ஸ்டார்ட்டர் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. உங்கள் வண்டியில் வெள்ளத் தண்ணீர் கப்ளர்களுக்குள்ளும் புகுந்திருக்கும். இன்ஜின் பகுதியில் உள்ள ஒவ்வொரு கப்ளரையும் கழற்றி, உள்ளே பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புது இன்ஜின் வந்தது, ஒயரிங் பழையதுதானே.

சூடு அளக்கும் சென்சார்களுக்கு ஓர் அழகான சோதனை உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும் உள்வரும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் வெளியே இருக்கும் சூட்டை ஒட்டியே இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று மைனஸ் 40 என்று காட்டினால் சென்னையில் பனி விழவில்லை, கப்ளர் மாட்டப்படவில்லை என்று பொருள்.

வந்த இன்ஜின் சரியான இன்ஜின்தானா என்ற கேள்வியும் நியாயமானது. 1,197 சி.சி. என்ற எண்ணை வைத்து மட்டும் இன்ஜின் வாங்கக் கூடாது. உங்கள் ஸ்விஃப்ட்டில் இருந்தது கே12எம், அதில் வி.வி.டி. உண்டு, அதாவது வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்திலேயே முன்பின் நகர்த்தும் ஏற்பாடு. 2011-இல் அடுத்த தலைமுறை ஸ்விஃப்ட் வருவதற்கு முன்பு, பழைய ஸ்விஃப்ட்டிலும் ரிட்ஸிலும் வந்த கே12எம்மில் அது கிடையாது. பிற்பாடு வந்த டூயல்ஜெட் இன்ஜினும் 1,197 சி.சி.தான், ஆனால் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர். வி.வி.டி. இல்லாத இன்ஜினை உங்கள் வண்டியில் ஏற்றியிருந்தால், ஆயிலைத் திருப்பிவிடும் வால்வை இ.சி.யு. தேடும், கிடைக்காது, பி 0010 போன்ற கோடு சீக்கிரமே வந்துவிடும். உங்களுக்கு பி 0171 மட்டும்தான் வந்திருக்கிறது. அதனால் அந்தப் பயம் வேண்டாம். இந்தப் பொருத்தப் பிரச்சினை உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே இன்ஜின் மாற்றிப் பழகியவர்களின் செல்லப் பிள்ளை ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வரிசை வி8. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் கிராங்க்கின் நிலையைச் சென்சாருக்குக் காட்டும் பல்சக்கரம் முந்தைய இன்ஜின்களில் 24 எக்ஸ், பிந்தையவற்றில் 58 எக்ஸ். ஒன்றின் இ.சி.யு.வுக்கு மற்றதன் துடிப்பு புரியாது. சக்கரத்தையோ இ.சி.யு.வையோ மாற்ற வேண்டும், அல்லது நடுவில் மொழிபெயர்க்கும் ஒரு மின்னணுப் பெட்டியைப் பொருத்த வேண்டும்.

கோளாறு இன்ஜினுக்குள்ளேயே இருக்கும் சந்தர்ப்பத்தை எப்படி அறிவது? பி 0016 வந்தால் கிராங்க்கும் கேமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. டைமிங் செயின் நீண்டிருக்கலாம், ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். பி 0300 என்பது பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ்ஃபயர், அதாவது கலவை எரியாமல் தப்புவது. பி 0301 முதல் 0304 வரை எந்தச் சிலிண்டர் என்று சொல்லும். ஒரே சிலிண்டரின் கோடு திரும்பத் திரும்ப வந்தால் காயில், பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் குறை அந்தப் பாகத்தில். மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர்களுக்குள் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விற்ற கடைக்காரரிடம் பேச வேண்டிய நேரம்.

விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் மட்டும் காத்திருக்காதீர்கள். கடுமையான மிஸ்ஃபயர் நடக்கிறது, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்திவிடுங்கள். உங்களுடையது நிலையாக எரிவதாகச் சொல்கிறீர்கள். ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிச் செல்லலாம். மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுவது நல்லதல்ல.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் ஒரு வேண்டுகோள். பேட்டரியை மறுபடி கழற்றாதீர்கள். விளக்கு எரிந்த நொடியில் வண்டி எந்த வேகத்தில் போனது, ஆர்.பி.எம். என்ன, சூடு என்ன, டிரிம் என்ன என்பதை இ.சி.யு. அப்படியே பதிந்து வைத்திருக்கும். ஃபிரீஸ் ஃபிரேம் என்பார்கள். பேட்டரியைக் கழற்றினால் கோடோடு சேர்ந்து இந்தச் சாட்சியும் போய்விடும், லாங் டெர்ம் டிரிம் கற்றதும் போய்விடும். நீங்களே பார்க்க விரும்பினால் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, புளூடூத் வழியாகப் போனில் காட்டும் சிறிய கருவிகள் கிடைக்கின்றன. கோடு, ஃபிரீஸ் ஃபிரேம், டிரிம் மூன்றையும் காட்டினால் இந்த வேலைக்குப் போதும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கேஸ்கெட் திரும்பப் போடும்போது சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூச வேண்டாம். சில வகைப் பேஸ்ட்டிலிருந்து வரும் ஆவி இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு ஆக்ஸிஜன் சென்சாரின் முனையில் படிந்து அதைக் கெடுத்துவிடும். இப்போது மாற்றத் தேவையில்லாத சென்சாரை அப்புறம் உண்மையாகவே மாற்ற வேண்டி வரும். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபில் எழுதியிருக்கும் வகை கிடைக்கிறது, அதிலும் கொஞ்சமாகவே போதும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒரு விஷயம். இன்ஜின் எண் மாறியதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியது. புதுப்பேட்டைக் கடையின் பில்லைப் பத்திரமாக வையுங்கள், அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிவிடுங்கள். நாளை ஒரு கிளெய்ம் வந்தால் இன்ஜின் எண்ணை நிச்சயம் பார்ப்பார்கள்.

கசிவு அகப்பட்டுச் சரிசெய்த பிறகு ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு, நகரத்துக்குள் கொஞ்சம், ஈ.சி.ஆர். போன்ற நீண்ட சாலையில் கொஞ்சம் என்று சில நாள் ஓட்டுங்கள். ரெடினெஸ் என்ற பக்கத்தில் ஒவ்வொரு சோதனையும் முடிந்ததாகக் காட்ட வேண்டும். முடிவதற்கு முன் விளக்கு எரியாதது எதற்கும் சான்றல்ல. அப்போது ஐடிலிலும் 2,500 ஆர்.பி.எம்.மிலும் டிரிம் எண்களை மறுபடி எடுங்கள். இரண்டும் பத்துக்குள் வரவில்லை என்றால் அந்த எண்களையும், உங்கள் வண்டியில் இருப்பது எம்.ஏ.எஃப்.பா எம்.ஏ.பி.யா என்பதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்து எங்கே கை வைப்பது என்று பார்ப்போம்.